அப்பாவிடம் நாலு இலக்கம் கேட்ட பெட்டி

உங்கள் வீட்டில் தெர்மோஸ்டாட்டைத் தொடும் உரிமை யாருக்கு? எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு மட்டும்தான். நானோ அக்காவோ ஒரு பாகை கூட்டினாலும், அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே கண்டுபிடித்துவிடுவார். "ஆர் இதில கை வைச்சது? ஸ்வெற்றர் இல்லையோ?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் கனடாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று நான் கனகாலம் யோசித்ததே இல்லை. பொறியியலில் முதுகலை படித்தவன், வேலை கணினியோடு. கட்டுப்பாட்டு முறைகள் என்ற பாடத்தில் தெர்மோஸ்டாட்தான் முதல் உதாரணம். சமன்பாட்டை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பிறகு எங்கள் மோட்டார்ஹோமில் நானே ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பூட்டி, அதனால் அப்பாவை ஓர் இரவு முழுக்கக் குளிரில் படுக்க வைத்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். அந்த இரவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கோழி முட்டை.

1600களின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபல் என்ற ஒல்லாந்துக்காரர் இங்கிலாந்தில் இருந்தார். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கி ஓட்டிக் காட்டியவர் என்று சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மனிதர் முட்டை பொரிக்க வைக்கும் அடுப்பு ஒன்றும் செய்தார். முட்டைக்குச் சூடு கூடினாலும் கூடாது, குறைந்தாலும் கூடாது. யாராவது இரவும் பகலும் பக்கத்தில் இருந்து நெருப்பைப் பார்க்க வேண்டும். டிரெபல் அந்த ஆளுக்குப் பதிலாக மதுசாரமும் பாதரசமும் நிரப்பிய ஒரு குழாயை வைத்தார். சூடு கூட மதுசாரம் விரியும், பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி அடுப்பின் காற்று வழியை மூடும். காற்று குறைந்தால் நெருப்புத் தணியும். சூடு குறைந்ததும் எல்லாம் திரும்பிப் போகும். மின்சாரம் இல்லாமலே, இன்றைக்கு உங்கள் வீட்டில் நடப்பது அவ்வளவும் அதில் நடந்தது.

அடுத்த படி இரட்டை உலோகத் தகடு. பித்தளையும் உருக்கும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. இரண்டையும் ஒட்டி வைத்தால் சூடாகும்போது தகடு ஒரு பக்கம் வளையும். கடல் கடிகாரம் செய்த ஜோன் ஹரிசன் 1700களின் நடுப்பகுதியில் இதைப் பயன்படுத்தினார். 1830இல் அன்ட்ரூ யூர் என்ற ஸ்கொட்லாந்து வேதியியலாளர் அதே வளைவை வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். கிரேக்கத்தில் ஒரு பாதி வெப்பம், மறுபாதி நிறுத்தி வைப்பது.

எனக்குப் பிடித்த ஆள் இவர்கள் யாரும் இல்லை. வொரன் ஜோன்சன் என்ற ஆசிரியர்தான். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலம், வைட்வோட்டர் என்ற சிற்றூர். குளிர் எங்கள் ஒன்ராறியோவுக்கு ஒன்றும் குறைந்தது இல்லை. அவர் படிப்பித்த கல்லூரியில் சூடாக்கும் அடுப்பு கீழே, வகுப்புகள் மேலே. ஒவ்வொரு வகுப்பிலும் எவ்வளவு சூடு என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் பாடத்தின் நடுவே கதவைத் திறந்து வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, திரும்ப இறங்கிப் போய் அடுப்பைத் திருத்துவார். பாடம் குழம்பும். அவர் கீழே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் விறைத்தும் போவார்கள்.

ஜோன்சன் வகுப்புச் சுவரில் ஒரு கருவியை வைத்தார். வெப்பநிலை மாறினால் கீழே அடுப்பறையில் மணி அடிக்கும். 1883இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டு வருடத்தில் மில்வோக்கியில் நிறுவனமும் தொடங்கினார், அதுதான் பிற்காலத்து ஜோன்சன் கன்ட்ரோல்ஸ். கவனியுங்கள், அந்த முதல் கருவி அடுப்பைத் தொடவே இல்லை. மேலே குளிர்கிறது என்று கீழே இருக்கும் ஒரு மனிதருக்குச் சொன்னது, அவ்வளவுதான். அடுப்பில் கை அந்த மனிதருடையது.

அந்தக் கையை எடுத்தவர் அல்பேர்ட் பட்ஸ். சுவிட்சர்லாந்தில் பிறந்து மினியாபொலிசில் குடியேறியவர். 1885இல் அவர் செய்த கருவியில், அறை குளிர்ந்தால் மின்சுற்று மூடும், ஒரு சின்ன மோட்டார் சுழலும், சங்கிலி நிலக்கரி அடுப்பின் காற்று மூடியைத் தூக்கும். மனிதர் வேண்டாம். பட்ஸ் அதை வைத்துப் பணக்காரர் ஆகவில்லை. நிறுவனம் கை மாறிக் கை மாறி, 1927இல் மார்க் ஹனிவெல் என்பவரின் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1953இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த வட்டமான தெர்மோஸ்டாட்டை அவர்கள் விற்கத் தொடங்கினார்கள். உள்ளே சுருண்ட இரட்டை உலோகத் தகடு, அதன் மேல் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு துளி பாதரசம். தகடு வளைய, குமிழ் சாய, பாதரசம் ஓடிப்போய் இரண்டு கம்பிகளை இணைக்கும். அந்த வட்டம் வட அமெரிக்கா முழுக்கச் சுவர்களில் இருந்தது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. கண்டால் கழற்றி எறியாதீர்கள், பாதரசம் நஞ்சு.

அப்பா 80களின் இறுதியில் ரொறன்ரோவுக்கு வந்தபோது முதலில் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். பார்த்தார், தொடவில்லை. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர். யாழ்ப்பாணத்தில் சூட்டுக்குச் சன்னலைத் திறந்து பழகியவர்கள். ஃபர்னஸ் அவர்கள் படுத்த அறைக்குப் பக்கத்தில்தான், சுவருக்கு மறுபக்கம். இரவில் அது பற்றும் சத்தம் கேட்கும். தெர்மோஸ்டாட் மட்டும் மேல் மாடிக் கூடத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள், பூட்டுப் போட்டு இருந்தது. திறப்பு வீட்டுக்காரரிடம்.

இங்கே ஒரு பொறியியல் விஷயம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குத் தான் தொங்கும் இடத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. சூடான காற்று மேலே போகும். பேஸ்மென்டில் காற்று வரும் துவாரம் பெரும்பாலும் கூரையில் இருக்கும், தரையோ கொங்கிரீட். மேல் கூடம் 20 பாகைக்கு வந்ததும் பெட்டி 'போதும்' என்று ஃபர்னஸை நிறுத்திவிடும். கீழே தரையில் மெத்தை போட்டுப் படுத்தவருக்கு அப்போதும் கால் விறைத்துக்கொண்டே இருக்கும். பெட்டி பொய் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் கொடுமைக்காரர் இல்லை என்றுதான் அப்பா சொல்வார். "அவரும் மோர்ட்கேஜ் கட்டவேணும் தானே" என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

உங்களில் பலர் படிக்கப் போகும் ஊரில் பேஸ்மென்ட் எடுப்பீர்கள், அதனால் இதைத் தெரிந்து வைத்திருங்கள். வீட்டுக்காரர் சூடாக்கல் தரும் வாடகை வீடு என்றால், செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை ஆகக் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாண விதி. ரொறன்ரோ போன்ற நகரங்களுக்குச் சொந்த விதியும் உண்டு. நீங்கள் இருக்கும் அறையில் இருக்க வேண்டும், மேல் மாடிக் கூடத்தில் அல்ல. மலிவான வெப்பமானி ஒன்று வாங்கி, திகதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

இனி ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். நேரம் போட்டு வைக்கக்கூடிய தெர்மோஸ்டாட் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் சனம் அதைச் சரியாகப் பாவிக்கவில்லை. அவ்வளவு குறைவாகப் பாவித்ததால், அமெரிக்க அரசு அந்த வகைக்குக் கொடுத்து வந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009 இறுதியோடு நிறுத்தியது. அந்த இடைவெளியில் வந்தவைதான் ஸ்மார்ட் பெட்டிகள். அதில் முன்னோடியான ஈகோபீ நிறுவனத்தை 2007இல் ஸ்டுவர்ட் லோம்பார்ட் தொடங்கியது கலிபோர்னியாவில் இல்லை, எங்கள் ரொறன்ரோவில். 2011இல் வந்த நெஸ்ட்தான் பெயர் எடுத்தது, கூகுள் 2014இல் அதை 3.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதே 2014இல் ஈகோபீ ஒரு முக்கியமான காரியம் செய்தது. வேறு அறையில் வைக்கும் சின்ன உணரியைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து விற்றது. அந்தப் பெட்டிக்குத் தான் தொங்கும் இடத்துக்கு வெளியேயும் பார்க்கத் தெரிந்தது. ஸ்கார்பரோ பேஸ்மென்டுகளுக்கு அது கால் நூற்றாண்டு பிந்தி வந்தது.

சரி, மோட்டார்ஹோம். நானும் அத்தானும் பாதிப் பாதி போட்டுப் பழையது ஒன்று வாங்கினோம். விட்பியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். அதிலிருந்த தெர்மோஸ்டாட் ஒரு நெம்புகோல் மட்டும், ஐந்து பாகை பிந்தித்தான் விழிக்கும். ஸ்மார்ட் ஒன்று போட்டால் என்ன என்று எனக்குள் இருந்த பொறியியலாளன் கேட்டான்.

கேட்பது சுலபம். வீட்டுத் தெர்மோஸ்டாட்டுக்கு வரும் மின்சாரம் 24 வோல்ட், மாறுதிசை. மோட்டார்ஹோமின் புரோப்பேன் ஃபர்னஸ் ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில், நேர்திசை. சுவரில் வருவது இரண்டே கம்பி, தெர்மோஸ்டாட் அவற்றை இணைத்தால் ஃபர்னஸ் பற்றும், பிரித்தால் நிற்கும். பேட்டரி போட்டு ஓடும் தெர்மோஸ்டாட் என்றால் அந்த இரண்டு கம்பியே போதும். நான் வாங்கியது அப்படி இல்லை. அதனால் 12ஐ 24 ஆக்கும் மாற்றி ஒன்று, இரண்டு மின்னழுத்தமும் சந்திக்காமல் இருக்க ஒரு ரிலே. தெர்மோஸ்டாட் ரிலேயை இழுக்கும், ரிலே ஃபர்னஸின் இரண்டு கம்பியை இணைக்கும். கூரையில் இருக்கும் ஏசியை நான் தொடவில்லை, அது வேறு தலையிடி. புரோப்பேனோடு விளையாடத் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அதில் ஒருவரும் படுக்கவும் வேண்டாம்.

அது அழகாக வேலை செய்தது. விட்பி வீட்டில் நான் வைத்திருந்த நேர அட்டவணையை அப்படியே இதிலும் போட்டேன். இரவு 11 மணிக்கு 16 பாகை, காலை 6 மணிக்கு 21. அக்காவின் பிள்ளைகள் திரையைத் தட்டி விளையாடுவதால் நாலு இலக்கப் பூட்டும் போட்டேன்.

ஒக்டோபரில் நன்றி நவிலல் விடுமுறைக்கு அம்மாவையும் அப்பாவையும் இலை நிறம் மாறுவது பார்க்க அல்கொன்குயின் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். லின்ட்சே, மின்டன், டோர்செட் என்று 35ஆம் இலக்கச் சாலையில் நாள் முழுக்க நின்று நின்று ஓட்டம். இரவு தண்ணீர் உறையும் குளிர். அவர்கள் பின்பக்கக் கட்டிலில், நான் சாரதி இருக்கைக்கு மேலே இருக்கும் தட்டில். தெர்மோஸ்டாட் நடுவில் சமையல் பக்கம், ஃபர்னஸ் காற்று வரும் வாய்க்குக் கிட்ட.

விடிய எழும்பி இறங்கினால் அப்பா தொப்பி, ஜக்கெட், சப்பாத்து எல்லாம் போட்டபடி மேசையில் இருக்கிறார். இரண்டு போர்வையும் அம்மாவுக்கு மேல். கட்டில் பக்கம் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 11 பாகை. தெர்மோஸ்டாட் திரையில் 16 என்று ஒழுங்காகத்தான் இருந்தது.

"ஏன் அப்பா கூட்டேல்லை?"

"கூட்டப் பார்த்தனான் தம்பி. உன்ர பெட்டி என்னட்டை நாலு இலக்கம் கேட்டுது."

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"நீ இவ்வளவு தூரம் ஓடிக் களைச்சுப்போய்ப் படுத்திருந்தனி. எங்களுக்கு இது பழக்கம் தானே."

கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. திறப்பு வேறொருவரிடம் இருக்கும் பெட்டிக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு 80களிலேயே தெரியும். உடுப்பைக் கூடப் போட்டுக்கொண்டு விடியும் வரை இருக்க வேண்டும். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய், தேவையே இல்லாமல் டயர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பிய கிழமையே பூட்டை எடுத்துவிட்டேன். பின்பக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் உணரி வைத்தேன், இரவில் பெட்டி அதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியும் வைத்தேன். அட்டவணை இல்லை. திரையில் கூட்டுவது எது, குறைப்பது எது என்று அப்பாவுக்குக் காட்டினேன். இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டு, "புரோப்பேன் என்ன விலை தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு பாகை குறைத்தார். அடுத்த பயணத்தில் இரவு அம்மா எழும்பி அதை 24க்கு ஏற்றிவிட்டா.