இரு விரல்கள் குறைந்த கை

அறிவியல் அறிஞர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்களுடைய கண்டுபிடிப்புகளையே விரித்துரைப்பர். ஆய்வுக்கூடத்தின் வாயிலை அவர்கள் எவ்வாறு வந்தடைந்தனர் என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். ஆனால் சிலருடைய வாழ்வில் அந்த வாயிலை வந்தடைந்ததே அருஞ்செயலாகிறது. அமெரிக்க வேதியியலாளர் பெர்சி ஜூலியனின் இளமைக்காலம் அத்தகையது.

அவர் 1899ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை இரயில்வே அஞ்சல் பணியாளர். தாய் பள்ளி ஆசிரியை. தாத்தாவோ அடிமையாக வாழ்ந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றம் என்று அலபாமாவில் 1830களின் தொடக்கத்தில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கற்பிக்க முயன்றவருக்கு 250 முதல் 500 டாலர் வரை அபராதம் உண்டு. கற்றவர் அடைந்த தண்டனையோ உடலில் விழுந்தது. எழுதக் கற்றுக்கொண்ட குற்றத்திற்காகத் தம் தாத்தாவின் கையில் இரு விரல்கள் வெட்டப்பட்டன என்று ஜூலியன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அடிமைமுறை 1865இல் ஒழிந்தது, வேலிகள் ஒழியவில்லை. ஜூலியன் சிறுவனாயிருந்தபோது மாண்ட்கோமரியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிற்கு மேல் அரசுப் பொதுப்பள்ளி இல்லை. ஆகவே கறுப்பின ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் அவர் தம் படிப்பைத் தொடர்ந்தார். 1916இல் இந்தியானா மாநிலத்தின் கிரீன்காசில் நகரிலுள்ள டிபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வழியனுப்ப வந்திருந்த குடும்பத்தாரிடையே, இரு விரல்கள் குறைந்த அந்தக் கையும் அசைந்து விடை கொடுத்தது.

பல்கலைக்கழகம் இடம் தந்தது. ஆனால் அதன் விடுதி இடம் தரவில்லை. பின்னர் மாணவர் சங்க இல்லம் ஒன்றில் உணவு பரிமாறியும், குளிர்காலத்தில் வீட்டை வெப்பமூட்டும் உலைக்கு எரிபொருள் இட்டும், அதன் மேல்மாடிப் பரணில் தங்கியும் அவர் கற்றார். தெற்கில் மறுக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைக் கல்லூரிப் பாடங்களோடு சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. ஆயினும் 1920இல் தம் வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறினார். மற்றப் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்று பெற்றோர் குடும்பத்தையே கிரீன்காசிலுக்குக் குடிபெயர்த்தனர்.

முதல் மாணவர் என்ற பெருமை அடுத்த வாயிலைத் திறந்ததா? இல்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடியபோது, கறுப்பினத்தவர் ஒருவர் அப்பட்டம் பெற்றாலும் அவருக்கு வேலை தருவார் இல்லை என்றே விடை வந்தது. நாஷ்வில் நகரின் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் சில காலம் கற்பித்தபின், ஹார்வர்டில் 1923இல் முதுகலைப் பட்டம் பெற்றார். வெள்ளையின மாணவர்கள் கறுப்பினத்தவரிடம் பாடம் கேட்க மாட்டார்கள் என்று கருதி, அங்கும் அவருக்குக் கற்பிக்கும் பணி மறுக்கப்பட்டது. பணி இன்றி முனைவர் ஆய்வைத் தொடரப் பொருள் ஏது?

ஆறு ஆண்டுகளுக்குப்பின் கடலுக்கு அப்பால் ஒரு கதவு திறந்தது. 1929இல் உதவித்தொகை பெற்று வியன்னா சென்ற அவரை, தாவர வேதியியலில் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் ஸ்பேத் தம் மாணவராக ஏற்றார். மருந்துக்குணம் கொண்ட தாவரப் பொருள்களின் அமைப்பை ஆராயும் கலையை அவரிடம் கற்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார் ஜூலியன்.

கற்றது வீணாகவில்லை. கண் அழுத்த நோய்க்குப் பயன்பட்ட பைசோஸ்டிக்மைன் அதுவரை கலபார் அவரை என்னும் ஆப்பிரிக்க விதையிலிருந்தே கிடைத்து வந்தது. 1935இல் ஜூலியனும், வியன்னாவில் அவருக்கு நண்பரான ஜோசப் பிக்லும் அதை டிபா ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினர். ஆக்ஸ்போர்டின் பேரறிஞர் ராபர்ட் ராபின்சனும் அதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். இதன்பின்னரும் டிபா அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1936இல் தொழில் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்ற அவர், சோயா மொச்சையிலிருந்து மருந்துக்கான மூலப்பொருள்களைப் பெருமளவில் உருவாக்கினார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. இரண்டு ஆண்டுகளில், 1975இல், அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைத் தனிமனிதரின் விடாமுயற்சி என்று மட்டும் நாம் போற்றினால் பாதியே உணர்ந்தவர்களாவோம். எழுத்துக்காக விரல் இழந்த தாத்தா, ஊரைவிட்டுப் புறப்பட்ட பெற்றோர், நிறம் பாராமல் ஏற்ற ஆசிரியர் என எத்தனையோ பேர் அந்தக் கல்வியைச் சுமந்தனர். அதே வாயில்களில் திருப்பி அனுப்பப்பட்டு, வியன்னா செல்ல வழியற்றுப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்கள் எந்த அறிவியல் நூலிலும் இல்லை. ஜூலியனின் புகழைப் படிக்கும்போது அவர்களையும் நினைப்பதே நாம் அவருக்குச் செய்யும் முழு மரியாதை.