தமிழ் நூல்களும் ஜெர்மானிய அறிஞர் மூவரின் விருப்பத் தேர்வும்

தமக்கு உகந்த நூலாசிரியர் இன்னார் என்று ஒருவர் தேர்ந்து அதற்குக் காரணமும் கூறும்போது, அக்காரணம் நூலாசிரியரின் சிறப்பை மட்டுமன்றித் தேர்ந்தவரின் தேவையையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது என்பதற்கு, தமிழ் நூல்களில் ஈடுபட்ட ஜெர்மானிய அறிஞர் மூவர் தக்க சான்றாவர்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் சமயப் பணியாளர் சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் குறிப்புரையுடன் ஒரு பட்டியல் வகுத்தார். பிற்காலத்தில் தமிழர் சமயம் பற்றி அவர் எழுதிய நூல்களில் சித்தர் மரபினரான சிவவாக்கியர் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறார். உருவ வழிபாட்டையும் சடங்கையும் மறுத்த சித்தர், அவற்றை எதிர்க்க வந்தவருக்கு எதிர்த்தரப்பிலிருந்தே கிடைத்த சாட்சியாக அமைந்ததில் வியப்பில்லை. ஆனால் சித்தரின் யோக நெறி இத்தேர்வில் பின்னுக்குப் போயிற்று.

லைப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுலின் (1814–1864) தேர்வு இதனினும் ஆழமானது. 1849 முதல் 1853 வரை மேற்கொண்ட கீழைநாட்டுப் பயணத்தில் தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் பயின்ற அவர், ஊர் திரும்பியபின் 'பிப்லியோதீகா தமுலிக்கா', அதாவது தமிழ் நூலகம், என்னும் வரிசையைத் தொடங்கினார். அதன் முதலிரு தொகுதிகள் 'கைவல்ய நவநீதம்' உள்ளிட்ட வேதாந்த நூல்களுக்கு உரியவை. அடுத்த இரண்டும் திருக்குறளுக்கே உரியவை. இந்தியா என்றால் வேதாந்தம் என்று எண்ணிய ஐரோப்பியக் கற்றோருக்கு அதை அளித்த கையோடு, இல்லறத்தையும் அரசையும் காதலையும் ஒருங்கே பேசும் வள்ளுவரை முன்வைத்ததே அவருடைய தனித்தன்மை. காமத்துப்பாலை ஒதுக்கிய வீரமாமுனிவர் போலன்றி, 1856இல் வந்த தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பின் தலைப்பிலேயே மனிதரின் மூன்று குறிக்கோள்களையும் அவர் சுட்டினார்.

எனினும் இத்தேர்விலும் ஒரு தேவை ஒளிந்திருந்தது. கிறித்தவம் தழுவிய தமிழர் தம் பண்பாட்டை இழக்க வேண்டியதில்லை என்று வாதிட்ட கிரவுலுக்கு, எந்தவொரு சமயப் பிரிவுக்குள்ளும் எளிதில் அடங்காத அறநூல் பெருந்துணையாக இருந்திருக்கும். அதே வாதத்தால் சாதியை வெறும் சமூக வழக்கமாகக் கொண்டு, மதம் மாறியோர் அதை உடனே கைவிட வேண்டுமென வற்புறுத்தலாகாது என்றும் அவர் நின்றார். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்றே எனப் 'பெருமை' அதிகாரத்தில் உரைத்த ஆசிரியரை விரும்பியவர் இந்நிலைப்பாட்டை எடுத்தது முரணேயாகும்.

அன்று ஜெர்மன் பேரரசைச் சேர்ந்திருந்த அல்சாஸ் பகுதியில் பிறந்த ஆல்பர்ட் சுவைட்சர், இந்தியச் சிந்தனை பற்றி 1935இல் வெளியிட்ட நூலில், உலக வாழ்வை ஏற்றுப் போற்றும் அறத்துக்கு எடுத்துக்காட்டாகக் குறளைக் கொண்டார். இந்தியச் சிந்தனையில் உலக மறுப்பே மேலோங்கியது என்னும் அவரது பொதுக்கோட்பாட்டுக்கு ஒரு சிறந்த விலக்கு தேவைப்பட்டது. துறவறவியலின் பதின்மூன்று அதிகாரங்களுக்கு அவர் அளித்த எடை, அதனாலேயே, குறைவு.

மூவருள் கிரவுலின் விருப்பமே ஆய்வுத் தகுதியில் மேம்பட்டது. ஏனெனில் மற்ற இருவரும் தம் வாதத்துக்கு வேண்டிய பகுதிகளையே எடுத்துக்காட்ட, அவரோ தம் முடிவை மறுப்பதற்கான மூலத்தையும் வாசகர் கையில் கொடுத்தார். குறள் மூலம், எளிய தமிழ் உரை, லத்தீன் மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கொண்ட நான்காம் தொகுதி, அவர் மறைந்த மறு ஆண்டில், 1865இல் வெளிவந்தது.