திண்டுக்கல் வீதிகளில் ஒரு திருச்சபை வரலாற்றுப் பாடம்

இறையியல் பயில ஐரோப்பா செல்லும் நம்மவர் ஜெனீவாவிலும் விட்டன்பர்க்கிலும் நாள் முழுதும் கால்நடையாகச் சுற்றிச் சீர்திருத்த வரலாற்றைக் கண்ணாரக் கண்டு மகிழ்வர். அது நன்றே. ஆயின், தாம் ஊழியம் செய்யும் ஊரின் வரலாற்றையும் அவ்வாறே நடந்து கற்கலாம் என எண்ணுவோர் சிலரே. இதனை மனத்திற்கொண்டு, மாணவர் சிலரோடு நாம் ஒரு நாள் திண்டுக்கல் நகரை நடந்து கண்டோம்.

காலையில் மலைக்கோட்டை ஏறினோம். திண்டு போலக் கிடக்கும் இப்பாறையே ஊருக்குப் பெயரளித்தது என்பர். 1605இல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் இங்குக் கோட்டை எழுப்பினார்; திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியையும், கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியையும் இங்கிருந்து காவல் செய்ய இயலும். ஆகவேதான் இக்கோட்டைக்காக இத்தனை போர்கள் நடந்தன. 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஐதரலி இங்கு வந்தார். ஆங்கிலேயர் 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இதனைக் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இது கும்பினியாருக்கு நிலையாயிற்று. இன்று பீரங்கிகள் நின்ற மதிலில் காற்று மட்டுமே வீசுகிறது. உச்சியிலுள்ள கோவிலின் கருவறையும் வெறுமையாக இருக்கிறது.

மலையடிவாரத்திலோ வாழ்வு நிறைந்திருக்கிறது. கோட்டை மாரியம்மன் கோவிலில் மக்கள் திரள்கின்றனர். ஐதரலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயர் தாங்கும் பேகம்பூரில், அவருடைய கல்லறையை அடுத்த பள்ளிவாசலில் தொழுகை நடைபெறுகிறது. கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் ஆலயமும் அண்மையிலேயே உள்ளது. கோபாலசமுத்திரக் குளக்கரையில் சற்று நின்றோம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் அளித்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், கும்பினியாரை எதிர்த்து 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிர் நீத்தது இக்கரையிலேயே என்பது ஊர்மக்கள் வழக்கு.

பின்னரே நமது சபையின் பழைய மிஷன் வளாகத்தை அடைந்தோம். அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லில் தன் பணியைத் தொடங்கிய ஆண்டு 1835. சபை வரலாற்றை நாம் வழக்கமாக அங்கிருந்தே தொடங்குகிறோம். ஆனால் அன்று காலைமுதல் நடந்து வந்த கால்கள் வேறொரு கணக்கைக் கேட்டன. கோபால நாயக்கர் மறைந்து 34 ஆண்டுகளே கழிந்திருந்தன. தூக்குமரத்தை இளமையில் கண்டவர் சிலர், முதல் பிரசங்கத்தை முதுமையில் கேட்டிருக்கக்கூடும். வெளிநாட்டு ஊழியர் உரிமச்சீட்டின்றித் தங்குவதற்கு வழி திறந்ததும் கும்பினியாரின் 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டமே. நற்செய்தி வந்த பாதையைப் பீரங்கி முன்னரே செப்பனிட்டிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

எனினும் அதுவே முழு உண்மையன்று. 1834இல் மதுரைக்கு வந்த டாட், ஹாய்சிங்டன் ஆகியோர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுடன் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளரும் வந்தனர். ஆகவே இப்பகுதியில் அம்மிஷனின் சாட்சி தொடக்கமுதலே தமிழர் நாவிலும் ஒலித்தது. அவ்வுதவியாளரை நம் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பிற்காலத்தில் எட்வர்டு செஸ்டர் இங்குப் போதகராகவும் மருத்துவராகவும் உழைத்தார். நோயாளி அவரிடம் நாடியது ஆட்சியின் வலிமையை அன்று, பரிவையே.

மாலையில் பூட்டுத் தொழிலாளர் வாழும் தெருக்கள் வழியே திரும்பினோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கையால் பூட்டுச் செய்வோர் தொகையோ குறைந்து வருகிறது. இவர்களும் நம் அயலாரே.

ஆயர்களும் மாணவர்களும் தத்தம் சேகரத்தை ஒரு நாள் இவ்வாறு நடந்து காண்பார்களாக. அயலாரின் நினைவுகளை அறியாத சபை, தன் மதிலுக்குள் தானே அடைபட்ட கோட்டையாகும். எத்துணை வலிய மதிலாயினும் அதன் முடிவு யாது என்பதைத் திண்டுக்கல் மலைமேல் எவரும் காணலாம்.