வெப்பமண்டல மலைக்காடுகளும் காலநிலை மாற்றமும்

வெப்பமண்டல மலைகளில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 6 பாகை செல்சியஸ் குறைகிறது. பருவத்துக்குப் பருவம் வெப்பநிலை பெரிதும் மாறாத இம்மலைகளில், ஒவ்வோர் உயரத்திலும் வாழும் உயிரினம் அவ்வுயரத்தின் குறுகிய வெப்ப வரம்புக்கே பழகியிருக்கிறது. ஆகவே, குளிர்காலத்தையும் கோடையையும் ஆண்டுதோறும் தாங்கும் மிதவெப்பமண்டல உயிரினங்கள் எளிதில் கடக்கும் கணவாய்கூட இவற்றுக்குத் தடையாகும் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1967இல் வாதிட்டார். புவி சூடேறும்போது தமக்குரிய குளிர்ச்சியைத் தேடி இவை மலைமீது ஏறுவது மேல்நோக்கிய இடப்பெயர்வு எனப்படும்.

இதற்குத் தெளிவான சான்று பெருவின் பந்தியகோயா மலைமுகட்டில் கிடைத்தது. 1985இல் அங்கு எடுக்கப்பட்ட பறவைக் கணக்கெடுப்பு, அதே இடங்களில் 2017இல் மீண்டும் நடத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வெப்பநிலை அரைப் பாகைக்கும் குறைவாகவே உயர்ந்திருந்தும் பெரும்பாலான பறவைகள் மேலேறியிருந்தன. முகட்டில் முன்பு மிகுதியாகக் காணப்பட்ட சில இனங்கள் 2017இல் தென்படவே இல்லை. அம்முகட்டின் உயரம் 1,400 மீட்டரைச் சற்றே தாண்டுவதால், அவை ஏறிச் செல்ல மேலே நிலமில்லை. போர்னியோவின் கினபாலு மலையில் 1965க்கும் 2007க்கும் இடையே அந்துப்பூச்சி இனங்கள் சராசரியாக 67 மீட்டர் உயர்ந்ததும் பதிவாகியுள்ளது.

மரங்கள் இடம்பெயர்வதில்லை, மேற்புறத்தில் விதை முளைத்துத் தழைப்பதாலும் கீழ்ப்புறத்தில் முதுமரங்கள் மடிவதாலும் ஓர் இனத்தின் எல்லையே நகர்கிறது. பெருவின் ஆண்டீஸ் சரிவுகளில் மரப் பேரினங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 முதல் 3.5 மீட்டர் மேலேறுவதாக 2011இல் வெளியான ஆய்வு கண்டது. வெப்ப உயர்வுக்கு ஈடுகொடுக்க இவ்வேகம் போதாது. காட்டின் மேல்விளிம்புக்கு அப்பாலுள்ள புல்வெளியில் மேய்ச்சலும் தீவைப்பும் தொடர்வதால் நாற்றுகள் வேரூன்றுவதும் அரிதாகிறது.

வெப்பத்தைவிட முகிலே முதன்மையான காடுகளும் உண்டு. மழையற்ற நாள்களிலும் இலைகளில் படியும் மூடுபனியின் ஈரத்தால் பாசிகளும் ஆர்க்கிடுகளும் செழிக்கும் முகில்காடுகளில், முகிலின் அடித்தளம் உயர்ந்தால் காடே காய்கிறது. கோஸ்டா ரிக்காவின் மோன்டெவெர்டேயில் மூடுபனியற்ற நாள்கள் பெருகியதை 1999இல் வெளியான ஆய்வு சுட்டியது. தாழ்நிலப் பறவையான டூக்கன் அதற்குள் கெட்சால் பறவையின் வாழிடம்வரை ஏறியிருந்தது. அவ்விடத்துக்கே உரிய பொன் தேரை 1987இல் நூற்றுக்கணக்கில் இனப்பெருக்கத்துக்குக் கூடியது. 1989இல் ஒன்றே ஒன்று காணப்பட்டது. 2004இல் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. இவ்வழிவில் கைட்ரிட் பூஞ்சை நோய்க்கும் எல் நினோ வறட்சிக்கும் நீண்டகால வெப்ப உயர்வுக்கும் உள்ள பங்கு குறித்துக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. காலநிலை மாற்றத்தின் நேரடிச் சான்றாக மட்டும் இதைக் காட்டுவது பொருந்தாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகள் புல்வெளிகளுக்கிடையே திட்டுத்திட்டாக அமைந்தவை. தாழ்நில வெப்பம் சூழ்ந்திருப்பதால் இவ்வகை மலையுச்சிகள் வானத்தீவுகள் எனப்படுகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த சோலைப் பறவைகள் தனித்தனி இனங்களாகவே மாறிவிட்டன. அக்கணவாயைக் கடக்காத இப்பறவைகளுக்கு வெப்பம் உயரும்போது எஞ்சும் திசை மேல்நோக்கியதே. ஆனால் இத்தொடரின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உச்சிப் புல்வெளிகள் பலவற்றிலும் சீகை, தைலம், தேயிலை முதலியன ஏற்கெனவே நடப்பட்டுவிட்டன.