கேஸும் வேற்றுமையும்
இயேசு சபையாரின் பழைய ஊரான புதுக்கோட்டை ஆவூரில், லத்தீன் படிக்கும் தம்பி ஒருவர், "இந்தக் கேஸ் மண்டையில் ஏறலைண்ணே" என்றார். நமக்குக் கேஸ் என்றால் போலீஸ் அல்லது ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன் 'காசுஸ்', 'விழுதல்'. வந்து விழுந்தது வழக்கானது. பெயர் தன் நிலையிலிருந்து சரிந்தது இலக்கணத்தின் கேஸானது. தமிழில் பெயர் விழவில்லை, வேறுபட்டது: வேற்றுமை. அந்த அருமையான சொல்லை இன்று மனக்கசப்புக்குக் கொடுத்துவிட்டோம். இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் லத்தீனிலேயே எழுதிய தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. லத்தீனுக்கு வேற்றுமை ஆறு, நமக்கு எட்டு. 'வொகாத்தீவுஸ்' மட்டும் அப்படியே நம் 'விளி', இரண்டுமே கூப்பிடுவதுதான். அங்கே மார்க்குஸ் 'மார்க்கே' ஆவான். இங்கே தம்பி 'தம்பீ' ஆவான்.