அனுமதியும் 'சாங்ஷன்', தடையும் 'சாங்ஷன்': ஒரே சொல்லுக்கு இரு எதிர்ப்பொருள்கள் ஏன்?

வங்கியில் வீட்டுக் கடன் 'சாங்ஷன்' ஆனது என்றால் விண்ணப்பித்தவருக்கு மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்' விதிக்கப்பட்டது என்றால் அந்நாட்டுக்கு நெருக்கடி. ஒப்புதல், தடை என நேரெதிரான இரு பொருள்களைத் தாங்கி நிற்கும் ஆங்கிலச் சொல் இது.

சொல்லின் பிறப்பு

'புனிதமாக்குதல், சட்டமாக உறுதிசெய்தல்' எனப் பொருள்படும் 'சான்சிரே' என்ற லத்தீன் வினைச்சொல்லே இதன் வேர். புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', புகலிடத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' ஆகிய சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவை.

தொடக்கத்தில் இச்சொல் சட்டத்தை, ஆணையைக் குறித்தது. சட்டத்திற்கு இரு முகங்கள் உண்டு. ஒன்றைச் செய்யலாம் என்று அது உறுதியளிக்கிறது. மீறினால் தண்டனை உண்டு என்றும் எச்சரிக்கிறது. முதல் முகத்திலிருந்து 'ஒப்புதல்' என்ற பொருளும், இரண்டாவது முகத்திலிருந்து 'தண்டனை நடவடிக்கை' என்ற பொருளும் கிளைத்தன.

உலக அரங்கில்

எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-இல் உலக நாடுகள் சங்கம் பொருளாதாரத் தடைகளை விதித்தது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1966-இல் தெற்கு ரொடீஷியா மீது தடைகளை விதித்தது. 1998 மே மாதம் பொக்ரானில் நடந்த அணுகுண்டு சோதனைகளுக்குப் பின் இந்தியாவும் அமெரிக்காவின் தடைகளைச் சந்தித்தது. இவை அனைத்தும் 'சாங்ஷன்ஸ்' என்றே அழைக்கப்பட்டன.

இந்திய நிர்வாகத்தில்

நம் நாட்டு அலுவலகங்களில் இச்சொல் பெரும்பாலும் ஒப்புதலையே குறிக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் 'சாங்ஷன்ட் ஸ்ட்ரெங்த்', அதாவது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, 2019-இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 ஆக உயர்த்தப்பட்டது.

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இச்சொல்லுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. லஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளான பொது ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, உரிய அதிகாரியின் முன் அனுமதி தேவை. அந்த அனுமதியே 'சாங்ஷன்'. அது வழங்கப்பட்டது என்ற செய்தியில் 'தடை' என்று எழுதிவிட்டால், வழக்கை எதிர்கொள்ள வேண்டியவர் காப்பாற்றப்பட்டதாகப் பொருள் மாறிவிடும்.

வேறுபாட்டை அறிவது எப்படி?

உடன் வரும் வினைச்சொல்லே முதல் குறிப்பு. 'வழங்கப்பட்டது', 'மறுக்கப்பட்டது' என்று வந்தால் அனுமதி. 'விதிக்கப்பட்டது', 'நீக்கப்பட்டது', 'தளர்த்தப்பட்டது' என்று வந்தால் தடை. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என வந்தால் பெரும்பாலும் தடையே. 'சாங்ஷன்ட்' என்ற வடிவத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. 'சாங்ஷன்ட்' திட்டம் என்றால் ஒப்புதல் பெற்ற திட்டம். 'சாங்ஷன்ட்' கப்பல் என்றால் தடைக்கு உள்ளான கப்பல்.

மேற்பார்வை, கவனக்குறைவு என இரண்டையும் குறிக்கும் 'ஓவர்சைட்' என்ற சொல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் 'ஒப்புதல்', 'தடை' எனத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே, 'சாங்ஷன்' என்று அப்படியே எழுதுவதைவிட உரிய தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்துவதே குழப்பத்தைத் தவிர்க்கும்.