ஸ்டார்ட் பொத்தான் இல்லாத ஜாய்ஸ்டிக்

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1996இல், கொடைக்கானலில் சீசன் ஓய்ந்த ஜூன் மாதம். அப்பா வத்தலக்குண்டு மலைப்பாதையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரலும் மேயும் சவாரி நன்றாக ஓடியிருந்தது. வண்டி வேலையாக மதுரைக்குப் போனவர், திரும்பும்போது ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சாம்பல் நிற மெஷின், இரண்டு ஜாய்ஸ்டிக், வாத்து சுட ஒரு துப்பாக்கி, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக மேலே பொய் அச்சடித்த ஒரு மஞ்சள் கேசட். பத்தாம் வகுப்பில் அண்ணன் தேறியதற்கான பரிசு அது.

"பாப்பாவும் சேர்ந்து வெளையாடட்டும்டா" என்றார் அப்பா. எனக்குப் பதினொரு வயது. சேர்ந்துதான் விளையாடினோம். முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. அவனுடையதில் நடுவில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு சின்னப் பொத்தான்கள் இருந்தன. என்னுடையதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. கடைக்காரர் குறையுள்ள சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று அழுதேன்.

அண்ணன் சிரித்தான். "அது ரெண்டாவது ஆளோடது. அப்படித்தான் இருக்கும்."

அவன் சொன்னது சரிதான். அது கடைக்காரரின் ஏமாற்றுவேலை இல்லை, மூல வடிவமைப்பே அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஒரு கன்சோலை வெளியிட்டது. விலை 14,800 யென். பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', சுருக்கமாக ஃபேமிகாம். அந்தக் குடும்பக் கணினியின் இரண்டாவது கைப்பிடியில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சிறிய மைக் இருந்தது. இரண்டாவது ஆள் பேசலாம்; ஆட்டத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ முடியாது. 1985இல் இதே கன்சோல் அமெரிக்காவுக்குப் போனபோது இரண்டு கைப்பிடிகளும் ஒரேமாதிரி ஆகிவிட்டன. ஆனால் தைவான், சீனத் தொழிற்சாலைகளில் பெருகிய நகல்கள் பெரும்பாலும் ஜப்பானிய மூலத்தைப் பார்த்தே செய்யப்பட்டன. அந்த நகல்களில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. போகிற வழியில் மைக்கும் காணாமல் போயிருந்தது.

கன்சோல்களின் வரலாறு பெரும்பாலும் போர் வரலாறாகவே எழுதப்படுகிறது. நிண்டெண்டோவா சேகாவா, 8 பிட்டா 16 பிட்டா, சோனியா மைக்ரோசாஃப்டா என்று. முப்பது ஆண்டுகளாக விளையாடுகிறவள் என்ற முறையில் எனக்கும் இந்தச் சண்டையில் கருத்து உண்டு. ஆனால் நான் பிட் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆட்டத்தை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இந்தியாவில் 1990களில் இந்தப் போர் வேறுவிதமாக நடந்தது. நிண்டெண்டோவின் மெஷின் இங்கே 'சாமுராய்' என்ற பெயரில் விற்றது. அதன் அருகில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று நகல்கள் குவிந்தன. சென்னையில் பர்மா பஜாரில் வாங்கலாம். மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில், திருவிழாக் கடைகளில் வாங்கலாம். எதிர்முகாமில் சேகாவின் 16 பிட் மெகா டிரைவ் இருந்தது. இறக்குமதி வரி 80 சதவீதம் என்பதால், மதுபானத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ் நிறுவனத்தோடு சேகா ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படியும் ஒரு மெகா டிரைவ் 18,000 ரூபாய். எங்கள் தெருவில் அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு ஆயிரம் வேலை இருந்தது. ஆக, நடுத்தர வர்க்கத்துக்கும் அதற்குக் கீழே இருந்தவர்களுக்கும் போட்டியே நடக்கவில்லை. நகல் வென்றுவிட்டது.

மெகா டிரைவை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். மறுவருட சீசனில் மும்பையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தங்கியிருந்தது. அப்பாவோடு போயிருந்தபோது, ஹாலில் அந்த வீட்டுப் பையனும் பெண்ணும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். திடீரென்று ஆட்டம் அப்படியே நின்றது. அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னல் வழியே கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். பையன் கத்தினான்; ஆனாலும் காத்திருந்தான். அவள் கையில் இருந்தது இரண்டாவது கைப்பிடி. அதிலும் ஸ்டார்ட் இருந்தது.

அன்றிலிருந்து நான் சேகா கட்சி. சேகாவின் முந்தைய கன்சோலான மாஸ்டர் சிஸ்டத்தில் நிறுத்தும் பொத்தான் எந்தக் கைப்பிடியிலும் இல்லை, மெஷினின் மேலேயே இருந்தது என்று பின்னால் படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. எழுந்து போய் அழுத்தவேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் வீட்டில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம்.

எங்கள் வீட்டுக் கன்சோலில் மரியோ விளையாடினால் நான் லூயிஜி. மரியோ சாகும்வரை லூயிஜி காத்திருக்கவேண்டும். அண்ணன் லேசில் சாகமாட்டான். கான்ட்ராவில் அருவி ஏறும் கட்டம் வரும். முன்னால் போகிறவன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவர் திரைக்கு அடியில் விழுந்து சாகவேண்டியதுதான். "மெதுவாப் போண்ணே" என்று நான் கெஞ்சுவதும், அவன் ஏறிவிடுவதும் தினசரி வழக்கம்.

அந்த வருடம் அக்டோபரில் ஒருநாள் மலைப்பாதையில் மண் சரிந்து பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் முதல் ஜாய்ஸ்டிக். திரையில் டெட்ரிஸ். சரசரவென்று கட்டைகள் விழ, அம்மா அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. கட்டைவிரல் தானாக நகர்ந்து ஸ்டார்ட்டை அழுத்தியது. எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைக் கவனித்தார்.

"இது நல்ல பட்டன்" என்றார், பிடிபட்ட வெட்கத்தோடு. "நில்லுன்னா நிக்குது. அண்ணன்கிட்ட சொல்லிராத."

அம்மாவுக்கு ஸ்டார்ட் என்ற பெயர் தெரியாது. அவருக்கு அது 'நில்லு பட்டன்'. அவருடைய நாளில் நில் என்று சொன்னால் நிற்கிற வேறு எதுவும் இல்லை. தண்ணீர் லாரி நிற்காது, பால்காரர் நிற்கமாட்டார், அப்பா சாப்பிட வரும் நேரம் நிற்காது. அவருடைய மாலைநேரம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. அந்தத் துண்டுகளுக்குள் நுழையக்கூடிய ஒரே விளையாட்டு, நிறுத்திவைக்கக்கூடிய விளையாட்டு. முதல் ஜாய்ஸ்டிக் கையில் இருந்தால்தான் அதையும் நிறுத்தமுடியும். ஆண்கள் வீட்டில் இல்லாத பிற்பகலில்தான் அது அவர் கைக்கு வந்தது.

பதின்மூன்றாவது வயதில் நான் பூப்படைந்தேன். அதற்குப்பிறகு ஹால் எனக்கு மூடிவிட்டது. தெருப் பையன்கள் அண்ணனோடு விளையாட வருவார்கள். "ஆம்பளப் பசங்களுக்கு நடுவுல ஒனக்கு என்ன வேலை?" என்றார் அத்தை. என்னை யாரும் விளையாடக் கூடாது என்று சொல்லவில்லை. ஹாலுக்குப் போகக் கூடாது என்றுதான் சொன்னார்கள். டிவி ஹாலில் இருந்தது, கன்சோல் டிவியில் மாட்டியிருந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

பிறகு ஏரிக்கரைக் கடையொன்றில் 'பிரிக் கேம்' வாங்கினேன். உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பேட்டரி. சுற்றுலாப் பயணிகளின் குழந்தைகளுக்காகக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். டிசம்பர் உறைபனி இரவுகளில் கம்பளிக்குள் அதை வைத்து விளையாடியிருக்கிறேன். அதில் நான்தான் முதல் ஆள், நானே கடைசி ஆள்.

இது என் ஒருத்தியின் கதை என்றுதான் நினைத்திருந்தேன். 1995இல் நிண்டெண்டோவின் அமெரிக்கப் பிரிவு வெளியிட்ட கணக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர்களுடைய 8 பிட் கன்சோலில் விளையாடியவர்களில் பெண்கள் 29 சதவீதம். அதைவிடச் சக்திவாய்ந்த 16 பிட் சூப்பர் நிண்டெண்டோவில் 14 சதவீதம். கையடக்கமான கேம் பாய் கருவியிலோ 46 சதவீதம். பெயரிலேயே 'பாய்' என்று எழுதி 1989இல் விற்பனைக்கு வந்த கருவியைத்தான் பெண்கள் அதிகம் கையில் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அதோடு சேர்த்தே டெட்ரிஸைக் கொடுத்தார்கள். மீட்கப்படவேண்டிய இளவரசி யாரும் அந்த விளையாட்டில் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஹாலில் இருக்கும் டிவி தேவையில்லை என்பதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவிலும் ஹால் என்பது ஹால்தான்.

"பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை" என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நாள் விளையாட்டுகளை உருவாக்கியவர்களிலேயே பெண்கள் இருந்தார்கள். அடாரி கன்சோலுக்கு 1982இல் 'ரிவர் ரெய்டு' செய்தவர் கரோல் ஷா. 1987இல் சேகாவின் மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்த 'ஃபேன்டசி ஸ்டார்' விளையாட்டின் கதாநாயகி ஆலிஸ், கொல்லப்பட்ட அண்ணனுக்காக வாளெடுத்துப் புறப்படுகிறவள். அதற்கு ஓவியம் வரைந்தவர் ரியெகோ கொடாமா. திரையில் அவருடைய பெயர் 'ஃபீனிக்ஸ் ரியே'. ஃபேமிகாமுக்கு 1986இல் வந்த 'காஸில்வேனியா'வுக்கு இசையமைத்தவர்களில் முக்கியமானவர் கினுயோ யமாஷிதா. திரையில் இசைக்கு நேரே இருந்ததோ 'ஜேம்ஸ் பனானா' என்ற வேடிக்கையான ஆண்பெயர்.

நியாயமாகச் சொன்னால், புனைபெயர் ஆண்களுக்கும் இருந்தது. திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் உண்மைப் பெயரைப் போட விடவில்லை. ஆனால் விளைவு இருவருக்கும் ஒன்றல்ல. பெயர் மறைந்தால் பார்ப்பவர்கள் ஓர் ஆணைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பெயர் தெரிந்திருந்தால், பதினொரு வயதில் அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

2007இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதச் சம்பளம் சேர்த்து, பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை வாங்கினேன். உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் அது. நண்பர்கள் அதன் கிராஃபிக்ஸ் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதில் பிடித்தது விரல் நீளமே இருந்த 8 எம்பி மெமரி கார்டு. விட்ட இடத்தை அது ஞாபகம் வைத்திருந்தது. எங்கள் பழைய மெஷினில் அந்த வசதி இல்லை. மின்சாரம் போனால், யாராவது அடாப்டரைப் பிடுங்கினால், முதலிலிருந்துதான். அம்மா நிறுத்திவைத்த எத்தனையோ டெட்ரிஸ் ஆட்டங்கள், "கரண்டு வீணாப் போகுது" என்ற ஒரு வார்த்தையில் அணைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தும் உரிமைக்கு அடுத்தது, விட்ட இடத்திலிருந்து தொடரும் உரிமை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். நகல் ஃபேமிகாமுக்கு நன்றி, அது இல்லாவிட்டால் எங்கள் மலைக்கு எதுவும் வந்திருக்காது. ஆனால் மதிப்பெண்ணில் அதற்குக் கடைசி இடம். சேகாவுக்கு இரண்டாம் கைப்பிடிக்காக மரியாதை, விலைக்காகக் கழிவு. பிளேஸ்டேஷன் 2க்கு மெமரி கார்டுக்காக முதல் வகுப்பு. பெரிய கன்சோல் போர் வரலாறுகளில் பெயர்கூட வராத பிரிக் கேமுக்குத்தான் தங்கப் பதக்கம்.

போன வருடம் ஊருக்குப் போனபோது, பரணைச் சுத்தம் செய்கையில் பழைய அட்டைப் பெட்டி கிடைத்தது. அடாப்டர் செத்துப்போயிருந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். முதல் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் என்ற எழுத்து முழுசாகத் தேய்ந்திருந்தது.

"ஒங்க அண்ணன் பாடாப் படுத்தியிருக்கான்" என்றார் அம்மா.

"பாதி நீதாம்மா" என்றேன்.

அம்மா அதைக் கையில் பிடித்து, கட்டைவிரலை அந்தப் பொத்தானின் மேல் வைத்தார். தேடவில்லை, விரலுக்கு இடம் தெரிந்திருந்தது. எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கிலும் அம்மா ஒரு விளையாட்டாளராகப் பதிவானதில்லை. நகல் மெஷின்களுக்குக் கணக்கே கிடையாது. பரிசு பெற்றவனாக இருந்ததும் அண்ணன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு, எல்லாரும் வெளியே போனபிறகு விளையாடியவர். அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றை வேறு யாரும் சேமித்துவைக்கவில்லை.